சௌந்தரவல்லி வீட்டு பர்னர்

எங்கள் அடுக்ககத்தில் முதலில் பேசியது கமருன்னிசா வீட்டு அடுப்பு. திருச்சியில் பொன்மலைக்குப் போகிற சாலையில் மூன்று மாடி ஏறி நிற்கிற இந்தக் குறிஞ்சி அடுக்ககத்தில் அதற்கு முன்னாலும் அடுப்புகள் மக்கர் செய்திருக்கின்றன. பால் பொங்கி வழிந்து பர்னர் அடைத்துக்கொள்ளும், நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடி கறுக்கும். உடனே அடுப்பு ரிப்பேர் செய்கிற சகாயராஜ் வருவார், பர்னரைக் கழற்றித் தட்டிப் பார்ப்பார், நன்றாக இருக்கிற ரப்பர் ட்யூபை “இது தாங்காதும்மா” என்று மாற்றிவிட்டுப் போவார். தான் கை வைக்காத அடுப்பு திருச்சியிலேயே கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான் வந்தார், பர்னரின் பித்தளைத் தலையை வெளிச்சத்தில் பிடித்தார், அடைத்திருந்த துளை ஒன்றில் ஊக்கின் முனையை விட்டுச் சுழற்றினார். துளை திறந்தது. உள்ளேயிருந்து கமருன்னிசாவின் குரல், அடுப்படியில் தனியாக நிற்கும்போது மட்டும் வருகிற அந்தத் தணிந்த குரல், “நல்ல முறுக்கெல்லாம் மக வீட்டுக்கு, ஒடஞ்சது இங்க. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனப்பு” என்றது.

கூடத்துச் சோபாவில் கமருன்னிசாவின் மாமியார் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போனார், கட்டிலுக்கு அடியிலிருந்து முறுக்கு டின்னை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். சகாயராஜ் ஊக்கைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் நெறைய அடைப்பு இருக்கும்மா, பாக்கட்டுமா?” என்று கேட்டார். கமருன்னிசா, “போதும்ண்ணே, இந்தளவு எரிஞ்சா போதும்” என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அடுப்பு எப்படிப் பேசும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, மற்ற வீட்டு அடுப்புகளில் என்ன இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெண்கள் அடுப்பைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். வெங்காயம் வதங்குகிற நேரத்தில், சாதம் வேகிற நேரத்தில், பால் பொங்குமா பொங்காதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தில் அவர்கள் உதடு அசையும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள், நாங்களும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்வோம். சகாயராஜ் இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். “பால் வழிஞ்சா அடைக்குது, ரசம் வழிஞ்சா அடைக்குது, பேச்சு வழிஞ்சா அடைக்காதா சார்?” என்றார். வெளி வட்டத்துத் துளைகளில் இந்த வருஷத்துப் பேச்சு, உள்ளே போகப் போகப் பழசு என்றும் அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

ஒவ்வொரு ஆணும் அடுத்த வீட்டு அடுப்பை முதலில் சுத்தம் செய்யச் சொன்னான். பெண்கள் பர்னரைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள், பேச்சு குழறிக்கொண்டு வந்ததே தவிர அடங்கவில்லை. வினிகரில் ஊறவைத்தவளுக்குக் குரல் கட்டினமாதிரி வந்தது. பிறகு அவர்கள் பர்னரை முந்தானைக்குள் மறைத்து மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, காற்று வீசுகிற பக்கம் பிடித்துக் குத்தினார்கள். காற்று அதை எதிர்க் கட்டடத்துக்குக் கொண்டுபோனது. எதிர்க் கட்டடத்துக்காரர்கள் மாலையானால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு பர்னரில் என்ன வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. என் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு நான் போட்டுக்கொண்டு போன சட்டையைப் பற்றி என்று மட்டும் சொல்கிறேன், அந்தச் சட்டையை நான் அதற்கப்புறம் போடவில்லை.

இந்த நிலையில்தான் பரமானந்தம் கூட்டம் போட்டார். இரண்டாம் மாடியில் இருக்கிறவர், அரசு அலுவலகம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேச எழுந்தாலும் சங்ககாலத்தில் ஆரம்பிக்கிற மனிதர். குடும்பம் என்றால் என்ன, அடுப்பு என்றால் என்ன, அக்கினி சாட்சி என்றால் என்ன என்று பேசி, சாட்சி வாயைத் திறந்தால் வழக்கு என்னவாகும் என்று நிறுத்தி, அடுத்த பொதுக்குழு வரைக்கும் எங்கள் அடுக்ககத்தில் எந்த பர்னரையும் யாரும் குத்தக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆண்கள் கைதட்டினோம். ஊக்குகளையும் பறிமுதல் செய்யவேண்டும் என்று ஒருவர் எழுந்து சொன்னார். புடவையில் குத்தியிருக்கிறதை யார் போய்க் கேட்பது என்று இன்னொருவர் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

பரமானந்தத்துக்கு இருந்த பயம் எங்கள் பயத்தைவிடப் பெரியது. அவர் மனைவி சௌந்தரவல்லி குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. கேட்டை மூடும்போதுகூடச் சத்தம் வராது. அப்படிப்பட்டவள் வீட்டு பர்னர்தான் இந்தக் கட்டடத்திலேயே அதிகம் அடைத்திருந்தது. பெரிய பர்னரில் பாதிக்கு மேல் துளைகள் செத்துப்போய், மிச்சம் இருந்ததில் மஞ்சள் தீ நாக்கை நீட்டி அலைந்துகொண்டிருந்தது. அவ்வளவு அடைப்பும் தன்னைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும் என்று பரமானந்தம் முடிவு செய்துவிட்டார். யோசிக்க யோசிக்க அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஹையர் டைப்ரைட்டிங் தேறியவளைக் கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போக வேண்டாம் என்றது, அவள் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று தனக்குத் தலைவலி வந்தது, அந்தத் தலைவலி மத்தியானமே சரியாகி டிவியில் கிரிக்கெட் ஆட்டம் பார்த்தது. இதெல்லாம் அவள் குரலிலேயே மாடிப்படி வரைக்கும் கேட்டால், அதன்பிறகு அவர் எந்த முகத்தோடு மைக்கைப் பிடிப்பார்?

தடை வந்ததும் எங்களுக்கு அதுவே பழகிவிட்டது. எல்லா வீட்டிலும் தீ மஞ்சளானது, பாத்திரம் கறுத்தது, சிலிண்டர் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது, நாங்கள் கேஸில் கலப்படம் என்று திட்டிக்கொண்டோம். கரி மெல்ல மெல்லக் கௌரவமாக மாறியது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், பஜ்ஜி தின்றுவிட்டு, கையலம்புகிற சாக்கில் உள்ளே போய் குக்கரின் அடியைப் பார்த்துவிட்டு வந்து, “அடக்கமான குடும்பம்” என்று தட்டு மாற்றிக்கொண்டது. பளபளவென்று பாத்திரம் வைத்திருந்த மூன்றாம் மாடிக்காரியைப் பற்றி மற்றவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள். அவள் மின்சார அடுப்புக்கு மாறியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெண்கள் முணுமுணுப்பதை நிறுத்தினார்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு தாளித்தார்கள், உதட்டை இறுக்கிக்கொண்டு கிண்டினார்கள். அதன்பிறகு எங்கள் சாம்பாருக்கு என்ன ஆனது என்று எங்களுக்குப் புரியவில்லை. உப்பு சரியாக இருந்தது, புளி சரியாக இருந்தது, பெருங்காயம்கூட இருந்தது, ஆனால் தட்டில் ஊற்றினால் வெந்நீர் குடிக்கிறமாதிரி இருந்தது. “ஏதாவது சொல்லேன்” என்று கெஞ்சிய கணவர்களும் உண்டு. அவர்கள் மனைவிமார் “என்ன சொல்லணும்?” என்று கேட்டார்கள்.

சௌந்தரவல்லிக்கு இருமல் வந்தது. அவள் அடுப்படிக்கு இருக்கிற ஒரே ஜன்னலைப் புறா வருகிறது என்று பரமானந்தம் பல வருஷத்துக்கு முன்னாலேயே பலகை வைத்து அடித்திருந்தார். அந்த மூடிய அறைக்குள் மஞ்சள் தீயின் முன்னால் நின்று அவள் இருமினாள், கண் எரிந்து துடைத்துக்கொண்டாள், மத்தியானமானால் தலை பாரம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காலையில் கூடத்துக்கு வந்து பரமானந்தத்திடம் எதையோ சொல்வாள். பரமானந்தம் காலையில் பேப்பர் படிக்கிறவர், படிக்கும்போது உலகத்தில் எதற்கும் “ம்” என்பார். அவள் கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவாள். அவர் இருமலுக்கு சிரப் வாங்கிவந்து கொடுத்தார், பனங்கற்கண்டு வாங்கிவந்து கொடுத்தார், ஊக்கை மட்டும் எடுக்கவில்லை. மனுஷனுக்கு மனைவி மேல் பிரியம் இல்லாமல் இல்லை, ஆனால் பிரியத்தைவிட மானம் ஒரு படி மேலே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நாங்களும் சும்மாதான் இருந்தோம், அதுவும் உண்மை.

ஒருநாள் காலை பால் தீய்கிற வாசனை மாடிப்படியெல்லாம் வந்தது. தயிர் உறை ஊற்றக் கொஞ்சம் மோர் வாங்கலாம் என்று வந்த கமருன்னிசா, திறந்திருந்த கதவுக்குள் எட்டிப் பார்த்து, “அக்கா, பாலு” என்று கூப்பிட்டாள், பதில் இல்லாமல் உள்ளே ஓடினாள். சௌந்தரவல்லி அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்தாள். கமருன்னிசா முதலில் ரெகுலேட்டரை மூடினாள், பிறகு அவள் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டுவந்து மாடிப்படிக் காற்றில் போட்டாள். கூடத்தில் பரமானந்தம் அதுவரைக்கும் பேப்பரின் நடுப்பக்கத்தில் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதிகம் பேசவில்லை. “அடைஞ்ச அடுப்பு, மூடின ஜன்னல். அந்த வெஷக் காத்துக்குள்ள எவ்வளவு நாளா நிக்கிறாங்க? இதுல மருந்துக்கு ஒரு வேலையும் இல்ல. அடுப்ப சுத்தம் பண்ணுங்க, ஜன்னலத் தெறங்க” என்றார். பரமானந்தம் அப்போதுதான் அழுதார் என்று கமருன்னிசா சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்து, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எது வந்தாலும் வரட்டும்” என்று சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் சகாயராஜுக்குப் போன் செய்தார். சகாயராஜ் அந்தப் பக்கத்தில் வெற்றிலையை மென்றுகொண்டு பேசினார். “தீர்மானம் இருக்குதே சார். நீங்க செகரட்டரி. நான் வந்து மீறினா நல்லாவா இருக்கும்? நீங்களே பண்ணிருங்க சார், ஒரு ஊக்கு போதும். ரெகுலேட்டர மூடிட்டு, பர்னர் ஆறினப்புறம் கழட்டுங்க. மாட்டிட்டு ட்யூபுல சோப்பு நுரை தடவிப் பாருங்க, முட்டை விட்டா லீக்கு. வேற ஒண்ணும் இல்ல” என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை.

மறுநாள் முன்பகலில் பரமானந்தம் அடுப்படித் தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தார். சௌந்தரவல்லி கூடத்தில் நாற்காலியில் இருந்தாள், அடுப்படி வாசலைப் பார்த்தபடி. நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் இருந்தோம். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவும், தபால் வந்ததா என்று கேட்கவும், செருப்பைத் தேடவும் வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டோம். கதவைச் சாத்த பரமானந்தம் எழுந்தார். சௌந்தரவல்லி, “காத்து வரட்டுங்க” என்றாள். கதவு திறந்தே இருந்தது.

அவர் ரெகுலேட்டரை மூடினார், மூடியதை மறுபடி சரிபார்த்தார், பித்தளைத் தலையைக் கழற்றிப் பேப்பர் மேல் வைத்தார், அவள் புடவையிலிருந்து வாங்கிய ஊக்கை நிமிர்த்தினார். வெளி வட்டத்தின் முதல் துளையைக் குத்தினார். “பால்ல தண்ணி ஊத்துறாரா, தண்ணில பால் ஊத்துறாரான்னு தெரியல” என்றது சௌந்தரவல்லியின் குரல். பால்காரரைப் பற்றி என்றதும் பரமானந்தம் மூச்சு விட்டார். அடுத்த துளை கமருன்னிசா வீட்டு மிக்ஸி விடியற்காலையில் ஓடுவதைப் பற்றி. படியில் நின்ற கமருன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கடுத்தது அண்ணி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்காமல் போனில் சொன்னது, அதற்கடுத்தது முருங்கைக்காய் முற்றல், அதற்கடுத்தது சங்கக் கூட்டத்துக்குச் சுண்டல் செய்யச் சொல்கிறவர்கள் கொண்டைக்கடலையை முந்தின நாளே ஊறப்போடவேண்டும் என்று தெரியாமல் இருப்பது. துளை துளையாக அவர் குத்தினார், துளை துளையாக அது பேசியது, ஊரில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் வந்தார்கள், பரமானந்தம் மட்டும் வரவில்லை.

உள் வட்டத்துக்கு வந்தார். அங்கே குரல் இளசாக இருந்தது. “சௌந்தரா, இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோ” என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதைச் சொன்னது ஒரு துளை. அடுத்ததும் அதையே சொன்னது. அடுத்ததில் ஒரு பேச்சும் இல்லை, ஏ எஸ் டி எஃப் என்று டைப்ரைட்டிங் எழுத்துகளை அவள் விரல் தாளத்தோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லாத் துளையும் திறந்தாயிற்று. பரமானந்தம் முதலில் நிம்மதியாகத்தான் தெரிந்தார். பிறகு பர்னரைத் திருப்பிப் பார்த்தார். திறந்த துளைகளையே மறுபடி குத்தினார். சின்ன பர்னரைக் கழற்றினார், அதில் அப்பளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை இருந்தது. கேஸ் வருகிற ஜெட்டின் பொடித்துளையைக்கூட மெல்லிய கம்பியால் குத்திக் காதருகே வைத்துக் கேட்டார். அதில் ஒன்றும் இல்லை. தத்தம் வீட்டு பர்னரில் கருமி என்றும் சோம்பேறி என்றும் குறட்டைக்காரன் என்றும் வாங்கிக் கட்டிக்கொண்ட நாங்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தோம். என் சட்டைக்குக் கிடைத்த மரியாதைகூட அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை.

“சௌந்தரா” என்றார், பர்னரைக் கையில் வைத்துக்கொண்டு. “என்னப் பத்தி ஒண்ணுமே இல்லியே.”

“எதுக்கு இருக்கணும்?” என்றாள் அவள். “வெளியில இருக்கறவங்களப் பத்தி வெளியில சொல்ல முடியல, அடுப்புகிட்ட சொன்னேன். உங்களப் பத்தினத உங்ககிட்டயேதான சொன்னேன்.”

“எப்ப சொன்ன?”

“தெனமும். காலையில.”

“நான் என்ன சொன்னேன்?”

“ம்-னு சொன்னீங்க.”

பரமானந்தம் பர்னரைத் துணியால் துடைத்து அடுப்பில் பொருத்தி, ட்யூபில் சோப்பு நுரை தடவி, முட்டை விடவில்லை என்று பார்த்து, பற்றவைத்தார். நாங்கள் வெகுநாளாகப் பார்க்காத நீலத் தீ வட்டமாக, ஒரு பல்கூட விடாமல் எழுந்து நின்றது. சௌந்தரவல்லி எழுந்துவந்து பாலை வைத்தாள். அவர் மறுபடியும் தரையில் உட்கார்ந்து, ஊக்கையும் கம்பியையும் கரித்துணியையும் ஒதுக்கிக்கொண்டே, “சரி, இப்ப சொல்லு. எல்லாத்தையும் மொதல்லருந்து சொல்லு, கேக்கறேன்” என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார் என்று நாங்கள் எங்கு வேண்டுமானாலும் சொல்வோம்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னல் பலகையிலிருந்து ஆரம்பித்தாள், புறா வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று தான் சொன்னதை, அதற்கு முந்தின வீட்டில் தான் கேட்ட ஒரு சின்ன அலமாரியை, வேலைக்கு வந்த உத்தரவை அவர் மடித்து எங்கோ வைத்ததை, கோபம் இல்லாமல், வரிசையாக, பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பரமானந்தம் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். தரையில் விரித்த பேப்பரை மடிக்கக் குனிந்தார். போன மாதத்துப் பேப்பர், கரித் தூளுக்கு அடியில் ஓய்வூதியர்களுக்கான அகவிலைப்படி பற்றி ஒரு செய்தி தலைகீழாகத் தெரிந்தது. அவர் தலையைச் சாய்த்தார், கரியை விரலால் லேசாகத் தள்ளினார்.

“ம்” என்றார்.

சௌந்தரவல்லி நிறுத்தினாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ரொம்ப நாளாக யோசித்த ஒன்றை முடிவு செய்தவள்போல இருந்தாள். பிறகு அடுப்பின் பக்கம் திரும்பி, நீலத் தீயருகே குனிந்து, உதட்டை அசைத்தாள். நாலைந்து வார்த்தைகள் இருக்கும், படியில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. வட்டத்தில் ஒரு பல் தீ நடுங்கி மஞ்சளாகி, அணைந்தது. பால் பொங்கி வந்தது, அவள் இறக்கினாள்.

ஜன்னல் பலகையை அன்று சாயங்காலமே பரமானந்தம் பிடுங்கி எறிந்தார், புறா வந்தது. தீர்மானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பொதுக்குழுவிலும் பேசவில்லை. எங்கள் பெண்கள் பழையபடி முணுமுணுக்கிறார்கள், சாம்பார் பழையபடி இருக்கிறது, சகாயராஜ் பழையபடி நல்ல ட்யூபை மாற்றிவிட்டுப் போகிறார். சௌந்தரவல்லியின் இருமல் நின்றுவிட்டது. அவள் வீட்டு அடுப்பு இன்றைக்கும் அந்த ஒரு பல் இல்லாமல்தான் எரிகிறது; அதற்குள் இருப்பது தன்னைப் பற்றித்தான் என்று பரமானந்தத்துக்கு நன்றாகத் தெரியும். காலையில் பேப்பரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார், ஊக்கை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார், அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு “டீ போடட்டுமா, சௌந்தரா?” என்று கேட்டுவிட்டு, ஊக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்.